ஸ்கை பூட் அலைன்மென்ட்: ஒரு டிகிரி கோணல் சமநிலையையும் விளிம்புப் பிடியையும் என்ன செய்கிறது?

பனிச்சறுக்கில் ஓரளவு தேறிய பிறகு பலரைப் படுத்தும் குழப்பம் ஒன்று உண்டு. இடப்பக்கம் திரும்பினால் ஸ்கை, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, கத்திபோல் பிடிக்கிறது. வலப்பக்கம் திரும்பினால் அதே சரிவில், அதே வேகத்தில் ஸ்கையின் வால் (பின்முனை) வழுக்கிக்கொண்டு போகிறது. சிலருக்கு, சமதளத்தில் நேராக ஓடும்போதே ஒரு விளிம்பு திடீரென்று பனியைக் கடித்து ஆளை இழுக்கிறது. இன்னும் சிலருக்குப் பத்து நிமிடத்தில் தொடை எரியத் தொடங்குகிறது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து வருடக்கணக்கில் இதையே திருத்த முயல்கிறார்கள். பயிற்சிக் குறை இருக்கலாம்தான். ஆனால் இந்த மூன்று தொல்லைகளுக்கும் பொதுவாக இருக்கக்கூடிய காரணம், பூட்டுக்குள் கால் நிற்கும் கோணம். அதைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். அந்தக் கோணம் பிசகியிருந்தால், எவ்வளவு பழகினாலும் உடல் கற்றுக்கொள்வது அந்தப் பிசகைச் சமாளிக்கும் வித்தையைத்தான்.

## முதலில் சொற்கள்

பின்னால் வரும் கணக்கெல்லாம் இந்தப் பாகங்களைச் சுற்றியே போகும்.

ஷெல் என்பது கெட்டியான பிளாஸ்டிக் வெளிக்கூடு. அதன் மேல்பாதியாகக் கணைக்காலைச் சுற்றி நிற்பது கஃப். கணுக்கால் உயரத்தில் இருபக்கமும் உள்ள திருகாணிகளைக் கீலாகக் கொண்டு அது முன்னும் பின்னும் அசைகிறது. உள்ளே மெத்தென்ற லைனர். லைனருக்கு அடியில், ஷெல்லின் தரையில் கிடக்கும் பலகை பூட் போர்டு. இதைப் பெரும்பாலும் கழற்றி எடுக்கலாம். லைனருக்குள் பாதத்தைத் தாங்குவது ஃபுட்பெட். பூட்டை ஸ்கையோடு பூட்டி, விழும்போது விடுவிப்பது பைண்டிங்.

கோணங்கள் நான்கு:

1. முன்சாய்வு: செங்குத்திலிருந்து கஃப் எவ்வளவு முன்னே சாய்ந்திருக்கிறது என்பது. பெரும்பாலான பூட்களில் 11 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும்.
2. ராம்ப் கோணம்: பூட்டுக்குள் குதிகால் விரல்களைவிட உயர்ந்திருப்பதால் வரும் சரிவு. இதைத் தருவது பூட் போர்டு.
3. டெல்டா கோணம்: பைண்டிங்கின் குதிகால் பகுதி முன்பகுதியைவிட உயர்ந்திருப்பதால் பூட் முழுவதும் முன்னே சரிவது.
4. கேன்டிங்: பூட்டின் அடிப்பாகத்துக்கும் ஸ்கைக்கும் இடையே பக்கவாட்டில் கொடுக்கும் சாய்வு.

முதல் மூன்றும் முன்–பின் சமநிலையைத் தீர்மானிப்பவை. நான்காவது, கஃபின் பக்கவாட்டுச் சாய்வோடு சேர்ந்து, விளிம்பைத் தீர்மானிக்கிறது.

## ஒரு டிகிரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஸ்கை திரும்பும்போது அதன் விளிம்பு பனியில் ஒரு சிறு படியை வெட்டுகிறது. உடலின் விசை முழுவதும் அந்தப் படியின்மேல்தான் இறங்குகிறது. விசை இறங்கும் கோட்டுக்குப் படி செங்குத்தாக இருந்தாலோ, திருப்பத்தின் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தாலோ ஸ்கை பிடித்து நிற்கும். அதைவிடத் தட்டையாகிவிட்டால் வழுக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே அகலமான இடைவெளி கிடையாது. கெட்டிப்பட்ட பனியில் வரம்புக்கு இந்தப் பக்கம் பிடி, அந்தப் பக்கம் வழுக்கல், அவ்வளவுதான். ஆகவே வரம்பை ஒட்டி ஓடும் ஸ்கைக்கு ஒரு டிகிரி குறைந்தால், பிடி ஒரு பங்கு குறைவதில்லை, மொத்தமாகவே போய்விடுகிறது.

நேராக ஓடும்போதும் கணக்கு இதேதான். ஸ்கையின் அடிப்புற விளிம்பை வழக்கமாக 0.5 முதல் 1 டிகிரி வரை மேல்நோக்கிச் சீவியிருப்பார்கள், தட்டையாக ஓடும்போது விளிம்பு பனியைத் தொடாமல் இருக்க. காலின் கோணம் 1 டிகிரி பிசகியிருந்தால் அந்த இடைவெளி முழுவதும் தின்னப்பட்டுவிடும். ஆள் தட்டையாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு கடித்துவிடுகிறது.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முழங்கால் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், 1 டிகிரி சாய்வு அதை ஏறக்குறைய 9 மி.மீ. நகர்த்தும். பூட்டின் முன்பக்க அடிப்பாகம் 69 மி.மீ. அகலம், அதில் 1 டிகிரி என்பது ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 1.2 மி.மீ. தடிப்பு வித்தியாசம். கண்ணுக்கே தெரியாத அளவு.

இவ்வளவு சிறிய கோணத்தைக் கால் தானே சரிக்கட்டிக்கொள்ளாதா? சாதாரணச் செருப்பில் சரிக்கட்டிக்கொள்ளும். சாய்வான தரையில் நடக்கும்போது கணுக்கால் பக்கவாட்டில் வளைந்து பாதத்தைத் தரையோடு பொருத்திவிடுகிறது. ஸ்கை பூட் செய்யும் முதல் வேலையே அந்த அசைவைப் பூட்டிவைப்பதுதான். அப்போதுதான் காலின் சாய்வு சிந்தாமல் சிதறாமல் விளிம்புக்குப் போய்ச் சேரும். கணுக்கால் கைவிட்ட வேலை முழங்காலுக்கு வருகிறது. முழங்காலுக்கோ பக்கவாட்டில் மடங்கும் திறன் கிடையாது. ஆகவே வேலை கடைசியில் இடுப்பு மூட்டின் தலையில் விழுகிறது: தொடை எலும்பை உள்ளேயோ வெளியேயோ சுழற்றி முழங்காலை இடம் மாற்றுகிறது. அந்தச் சுழற்சி சும்மா நிற்பதில்லை. ஸ்கையையும் சேர்த்துத் திருகிவிடுகிறது.

ஸ்கையின் இடை அகலமும், அதாவது பூட்டுக்கு அடியில் வரும் நடுப்பகுதியின் அகலமும், இதில் சேரும். 70 மி.மீ. இடை கொண்ட ஸ்கையில் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 35 மி.மீ. தள்ளி இருக்கும், 100 மி.மீ. ஸ்கையில் 50 மி.மீ. பனியின் எதிர்விசை விளிம்பில் செயல்படுவதால், இந்தத் தூரம் கூடக்கூட ஸ்கையைத் தட்டையாக்கப் பார்க்கும் திருப்புவிசையும் கூடும். 800 நியூட்டன் விசை என்றால் முதலாவதில் 28 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 40. குறுகிய ஸ்கையில் சமாளித்துக்கொண்டிருந்த கோணல் அகல ஸ்கைக்கு மாறியதும் வெளிச்சத்துக்கு வருவது இதனால்தான்.

## பக்கவாட்டுப் பிசகின் இரண்டு முகங்கள்

முழங்கால் வெளியே நிற்பது. வில்போல் வளைந்த கால் உள்ளவர்களிடம் அதிகம். ஸ்கையைத் தட்டையாக வைத்தால் முழங்கால் பூட்டின் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் விழும். இவர் திருப்பத்துக்குள் 30 டிகிரி சாய்ந்தால் ஸ்கைக்குப் போய்ச் சேருவது 28 டிகிரிதான் என்று வையுங்கள். குறையும் இரண்டு டிகிரியைப் பெற அவர் தொடையை உள்ளே சுழற்றி முழங்காலைத் தள்ளுகிறார். தொடை உள்ளே சுழலும்போது குதிகால் வெளியே தள்ளப்படுகிறது. பிடிக்காக அவர் செய்த அதே அசைவுதான் வாலை வழுக்கிவிடுகிறது. இன்னும் பலமாக அழுத்து என்று சொன்னால் வழுக்கல் கூடுமே தவிரக் குறையாது.

முழங்கால் உள்ளே நிற்பது. முட்டியோடு முட்டி இடிக்கும் கால்களில் காண்பது. ஸ்கை எப்போதும் உள்விளிம்பின்மேல் சாய்ந்தே கிடக்கும். வெளி ஸ்கை திருப்பத் தொடக்கத்திலேயே அவசரமாகக் கடிக்கும், திருப்பம் முடிந்தும் விட மறுக்கும். உள் ஸ்கையை அதன் சுண்டுவிரல் பக்க விளிம்புக்குக் கொண்டுபோவது பெரும்பாடாக இருக்கும். கால்களை அகட்டி வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி என்பதால் இவர்கள் அகட்டியே ஓடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவரை ஏமாற்றும் இடம் இங்கே ஒன்று இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் முழங்கால்கள் நெருங்கி, பாதங்கள் அகன்று, ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவம் தெரியும். முட்டி இடிக்கும் காலுக்கு அது இயல்பான அமைப்பு. வில்கால் உள்ளவருக்கோ அது பிடிக்காகத் தொடையைச் சுழற்றியதன் விளைவு. படம் ஒன்று, காரணம் நேரெதிர். காணொளியில் ‘ஏ’ வடிவத்தைப் பார்த்தவுடனே முழங்காலை வெளியே தள்ளும் சாய்வைக் கொடுத்தால், வில்கால்காரரின் கோளாறு இரட்டிப்பாகும். நின்ற நிலையில் அளக்காமல் ஓட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

## முன்–பின்: உள்ளே உயர்த்துவதும் வெளியே உயர்த்துவதும் வேறு

முன்சாய்வு அளவுக்கு மீறினால் கஃப் கணைக்காலை முன்னே தள்ளும். உடல் முன்னே விழாமல் இருக்க இடுப்பைப் பின்னே இறக்கி, முழங்காலை மடக்கி, தொடைத் தசையில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். தொடை எரிவது அங்கிருந்துதான். சாய்வு மிகவும் குறைந்தால் ஸ்கையின் முன்பகுதியை அழுத்தவே முடியாது. இடுப்பை வளைத்து மார்பை முன்னே தொங்கவிட்டுச் சமாளிப்பார்கள்.

குதிகாலை உயர்த்துவது என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

பூட்டுக்கு உள்ளே குதிகாலை உயர்த்தினால் கஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். பாதத்துக்கும் கணைக்காலுக்கும் இடையிலான கோணம் விரிந்து, கணுக்காலுக்கு மடங்க இடம் கிடைக்கும்.

பைண்டிங்கில் குதிகாலை உயர்த்தினால் கஃப் உட்பட எல்லாமே முன்னே சரியும். கணுக்காலின் கோணம் மாறாது. முழங்காலும் இடுப்பும் புதிய நிலைக்கு இசைய வேண்டும். 300 மி.மீ. நீள பூட் அடிப்பாகத்தில் 5 மி.மீ. உயர்வு ஏறக்குறைய 1 டிகிரி. பைண்டிங்குக்குப் பைண்டிங் இந்த உயரம் வேறுபடும். மலையேறிச் சறுக்குபவர்கள் பயன்படுத்தும், பூட்டை ஊசிமுனைகளால் பிடிக்கும் சில டூரிங் பைண்டிங்குகளில் 10 மி.மீ.க்கு மேலும் போகும். பூட்டை மாற்றாமல் ஸ்கையை மட்டும் மாற்றியவர் திடீரென்று பின்னே உட்கார ஆரம்பித்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரத்தை.

## ஒரு கோளாறு இன்னொன்றாக வேடம் போடும்போது

அலைன்மென்ட் வேலையில் மிகுதியான தவறு நடப்பது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சிலருக்குக் கணுக்கால் முன்னே மடங்கும் அளவு இயல்பிலேயே குறைவு. குதிகால் தரையில் பதிந்திருக்க, முழங்காலை நேராக விரல்களுக்கு மேலே தள்ளிப் பாருங்கள். குதிகால் கிளம்பும் இடமோ, உள்பாத வளைவு சரியத் தொடங்கும் இடமோதான் எல்லை. பூட்டின் முன்சாய்வு அந்த எல்லையைத் தாண்டிக் கணைக்காலைத் தள்ளினால், கால் வேறு வழி தேடும். ஒன்று, பூட்டுக்குள் குதிகால் எழும்பும். இல்லையென்றால் பாத வளைவு உள்ளே சரிந்து அதன் வழியே மிச்ச மடிப்பைப் பெற்றுக்கொள்ளும். வளைவு சரிந்தால் கணைக்கால் உள்ளே சுழலும். முழங்கால் உள்ளே போகும்.

இப்போது இவரைத் தூக்குக்குண்டு வைத்து அளந்தால் முழங்கால் 2 டிகிரி உள்ளே என்று காட்டும். அடிப்பாகத்தைச் சீவிச் சாய்வு கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மூலக் காரணம் முன்–பின் திசையில் இருக்கிறது. ஃபுட்பெட்டுக்கு அடியில் குதிகாலை 3 முதல் 6 மி.மீ. உயர்த்தினாலே கணுக்காலுக்கு இடம் கிடைத்து, வளைவு நிமிர்ந்து, முழங்கால் தன் இடத்துக்குத் திரும்பிவிடலாம். அதைச் செய்யாமல் அடிப்பாகத்தைச் சீவியவர், இல்லாத கோளாறுக்கு நிரந்தரமான திருத்தம் செய்திருப்பார். கால் பூட்டுக்குள் இன்னும் தவித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே வரிசை என்பது வசதிக்காகச் சொல்வதல்ல. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் அளவை மாற்றுகிறது.

## திருத்தும் வரிசை

1. ஷெல் அளவு. லைனரைக் கழற்றிவிட்டு வெறும் ஷெல்லில் நில்லுங்கள். விரல் நுனி முன்னே லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னே 10 முதல் 20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பூட் பெரிது. மற்ற எந்தத் திருத்தமும் நிற்காது, ஏனென்றால் கால் உள்ளே நீந்திக்கொண்டிருக்கும். 26, 26.5 என்ற அரை அளவுகளுக்கு ஷெல் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் அரை அளவு கூட்டிக் குறைத்துப் பயனில்லை.

2. ஃபுட்பெட். பாதம் சரியாமல் தாங்க வேண்டும். ஆனால் வளைவை ஒரேயடியாகத் தூக்கிக் கல்லாக்கிவிடக் கூடாது. விளிம்பேற்றத்தின் முதல் அசைவு பாதத்துக்குள்தான் தொடங்குகிறது. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் இறங்க இடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்துவிட்டால் ஒவ்வொரு சிறு சாய்வுக்கும் முழங்காலைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

3. முன்–பின் கோணங்கள். கணுக்கால் மடங்கும் அளவைப் பார்த்து ராம்ப், முன்சாய்வு, தேவையானால் டெல்டா. தடித்த கெண்டைக்கால் தசை கஃபின் மேல்விளிம்பில் இடித்து ஆளை முன்னே தள்ளுகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். கஃபுக்குப் பின்னே செருகியிருக்கும் ஸ்பாய்லர் தகட்டை எடுத்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

4. கஃப். லைனர் இல்லாத ஷெல்லில் ஃபுட்பெட்டைப் போட்டு, இயல்பாக, முழங்கால் லேசாக மடங்க நிற்க வேண்டும். கணைக்காலுக்கும் கஃபுக்கும் இடையே உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடைவெளி சமமாகும்வரை அலன் சாவியால் கீல் திருகாணியைத் திருப்ப வேண்டும். சில பூட்களில் ஒரு பக்கத் திருகாணி மட்டுமே அசையும். சிலவற்றில் எதுவும் அசையாது.

5. அடிப்பாகச் சாய்வு, அதாவது கேன்டிங். மேலே சொன்ன நான்கும் முடிந்த பிறகுதான் அளவெடுப்பு.

நான்காவது, ஐந்தாவது படிகளைக் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. கஃப் திருகாணிக்கு அருகே ‘கேன்டிங்’ என்று அச்சிட்டிருக்கும் பூட்கள் உண்டு. அந்தச் சொல் ஆளைத் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது. கஃப் காலின் வடிவத்தோடு பொருந்துவதற்கான ஏற்பாடு அது. முழங்காலைப் பாதத்துக்கு மேலே கொண்டுவருவதற்கானது அல்ல. கஃபைச் சாய்த்து முழங்காலை உள்ளே தள்ளினால், பிளாஸ்டிக் கணைக்காலின் ஒரு பக்கத்தை இடைவிடாமல் அழுத்தும். கால் அந்த அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்க, பாதத்தின் ஒரு ஓரம் பூட் போர்டிலிருந்து மேலெழும். ஸ்கை தட்டையாக இருப்பதாகத் தோன்றும். பாதம் தட்டையாக இருக்காது.

## தூக்குக்குண்டு அளவெடுப்பு, கிட்டத்தில்

தரையை முதலில் ரசமட்டம் வைத்துச் சோதிக்க வேண்டும். குமிழி நடுவில் நிற்காத தரையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. விரிப்பின்மேல் நிற்கவும் கூடாது. பூட்டை ஓட்டத்துக்குப் போடுவது போலவே கொக்கிகளை இறுக்கிப் போட்டு, இரண்டு பூட்டும் இணையாக, இடுப்பகலத்தில் நிற்க வேண்டும்.

முழங்காலின் நடுவைக் கண்டுபிடிப்பதில்தான் கவனம் தேவை. முட்டிச் சில்லின் நடுவைக் குறித்துவிடுவது வழக்கமான பிழை. சில்லு பலருக்கு உள்ளேயோ வெளியேயோ ஒதுங்கியிருக்கும். முழங்காலின் உள், வெளி எலும்பு மேடுகளைக் காலிப்பரால் பிடித்து, அந்த அகலத்தின் சரிபாதியில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கணுக்காலையும் முழங்காலையும் சறுக்கும்போது மடக்கும் அளவுக்கு மடக்கி, புள்ளியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பூட்களின் மூக்கில் நடுக்கோடு அச்சிலேயே பதிந்திருக்கும். நூல் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகி விழுகிறது என்பதுதான் அளவு. நாலு எட்டு நடந்துவிட்டு வந்து மறுபடி நின்று மூன்று முறை எடுக்க வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் நிற்கும் முறையில் ஏதோ மாறுகிறது என்று பொருள்.

புள்ளி 50 செ.மீ. உயரத்தில் இருக்க, நூல் 18 மி.மீ. வெளியே விழுந்தால் பிசகு 2 டிகிரி. நூல் சரியாக நடுக்கோட்டில் விழ வேண்டும் என்பவர்களும், ஒன்றிரண்டு டிகிரி உள்ளே இருப்பதே நல்லது என்பவர்களும் உண்டு. முதல் திருத்தத்தை அளந்ததைவிடக் குறைவாகக் கொடுத்து, பனியில் ஓடிப் பார்த்துவிட்டு மேலே போவதே பாதுகாப்பு. ஒவ்வொரு காலும் தனிக்கணக்கு. இடதுக்கு 2, வலதுக்கு 0.5 என்று வருவது அதிசயமே இல்லை. கட்டுரைத் தொடக்கத்தில் சொன்ன ஒருபக்க வழுக்கலுக்கு விளக்கம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் கிடைக்கும். வலப்பக்கம் திரும்பும்போது உடலைத் தாங்குவது இடது ஸ்கை. ஆக, அளக்க வேண்டியது இடது கால்.

## குற்றம் ஸ்கையிலா, காலிலா?

பூட்டில் கைவைக்கும் முன் செய்ய வேண்டிய எளிய சோதனை: இடது ஸ்கையை வலது காலுக்கும் வலது ஸ்கையை இடது காலுக்கும் மாற்றிப் போட்டு ஓடுங்கள். தொல்லை ஸ்கையோடு சேர்ந்து மறு காலுக்குப் போனால், கோளாறு விளிம்பு தீட்டியதிலோ ஸ்கையின் அடித்தளம் குழிந்ததிலோ இருக்கிறது. அதே காலிலேயே நின்றால் பூட்டையும் காலையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, இயந்திரம் சீவி வரிவரியாகக் கிடக்கும் மென்சரிவில் ஒற்றை ஸ்கையில் நேராகச் சறுக்கிப் பாருங்கள். திரும்பி வந்து தடத்தைப் பார்த்தால் கதை தெரியும். தட்டையாக ஓடிய ஸ்கை வரிகளைச் சீராக அழித்திருக்கும். சாய்ந்து ஓடியது ஒரு ஓரத்தில் ஆழமான கோடும் மறு ஓரத்தில் பாதி அழியாத வரிகளுமாக விட்டுப் போயிருக்கும். ஆழமான கோடு உள்பக்கம் என்றால் முழங்கால் உள்ளே நிற்கிறது என்பதற்கு அறிகுறி. வெளிப்பக்கம் என்றால் மாறாக.

நிரந்தரத் திருத்தத்துக்கு முன் ஒட்டுநாடாவால் ஒத்திகை பார்க்கும் வழக்கம் உண்டு. முழங்கால் வெளியே நிற்பவருக்கு அடிப்பாகத்தின் வெளி ஓரத்திலும், உள்ளே நிற்பவருக்கு உள் ஓரத்திலும், முன்பகுதி குதிகால் இரண்டிலும் ஒரே தடிப்பில் ஒட்ட வேண்டும். 0.25 மி.மீ. தடிப்புள்ள நாடா என்றால் ஐந்து அடுக்கு 1 டிகிரிக்குச் சமம். நாடா ஒட்டிய பூட் பைண்டிங்கில் சரியாக உட்காராது, விழும்போது விடுவிக்கும் விசை மாறலாம். ஆகவே இதை மென்சரிவில், மெதுவாக, ஓரிரு ஓட்டத்தோடு நிறுத்திக்கொண்டு நாடாவை உரித்துவிட வேண்டும்.

## சீவுவதா, ஆப்பு வைப்பதா?

சாய்வு எந்தப் பக்கம் என்பதில் அனுபவசாலிகளும் தடுமாறுவதுண்டு. முழங்கால் போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் தடிப்பாக இருக்க வேண்டும். முழங்காலை உள்ளே கொண்டுவர வெளி ஓரம் உயரம். சீவுவதானால் உள் ஓரத்தைச் சீவ வேண்டும்.

பைண்டிங்குக்கும் ஸ்கைக்கும் நடுவே பிளாஸ்டிக் ஆப்புப் பட்டைகளை வைப்பது ஒரு வழி. பூட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நீளமான திருகாணிகள் வேண்டும், ஸ்கை இடது வலது என்று நிலைத்துவிடும், இன்னொரு ஸ்கை வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. முன் ஆப்பும் பின் ஆப்பும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் பைண்டிங் முறுக்கிக்கொள்ளும்.

பூட்டின் அடிப்பாகத்தையே சீவினால் எந்த ஸ்கையில் ஏறினாலும் சாய்வு கூடவே வரும். பூட்டை ஒரு சட்டத்தில் பிடித்துக் கோணம் வைத்து முன்பக்கத்தையும் குதிகால் பக்கத்தையும் ஒரே தளத்தில் சீவுவார்கள். வேலை அதோடு முடியாது. ஐஎஸ்ஓ 5355 என்ற சர்வதேசத் தரப்படி பெரியவர்களுக்கான ஆல்பைன் (சரிவில் இறங்கும் வகை) பூட்டில் பைண்டிங் பிடிக்கும் உதடு முன்னே 19 மி.மீ., குதிகாலில் 30 மி.மீ. தடிப்பு இருக்க வேண்டும்; ஏற்க உரிய வேறுபாடு 1 மி.மீ. மட்டுமே. சீவியதால் அது குறைந்துவிடும். எனவே அடியில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லிஃப்டர் தகட்டைத் திருகிவிட்டு, உதட்டின் மேல்பக்கத்தை ரூட்டர் என்ற குடைந்து சீவும் கருவியால் குறைத்து மறுபடி 19, 30 என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் பைண்டிங் விடுவிக்க வேண்டிய நேரத்தில் விடுவிக்காமல் போகலாம், விடுவிக்கக் கூடாத நேரத்தில் விடுவித்தும் விடலாம். முழங்கால் தசைநார் சம்பந்தப்பட்ட விஷயம் இது; மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல. வேலை முடிந்ததும் பைண்டிங்கின் முன்னழுத்தம் (பூட்டை முன்னே அழுத்திப் பிடிக்கும் விசை), முன்பக்க உயரம், விடுவிக்கும் விசை மூன்றையும் கருவியில் சோதித்த பிறகே பனிக்குப் போக வேண்டும். போட்டியாளர்கள் லிஃப்டர் போடும்போது எஃப்ஐஎஸ் என்ற சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதியையும் பார்க்க வேண்டும்: பூட் அடியிலிருந்து குதிகால் வரை 43 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

கிரிப்வாக் வகை அடிப்பாகங்கள் நடப்பதற்காக ரப்பர் வைத்து வளைவாகச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே சீவ முடியாது. கழற்றி மாற்றக்கூடிய தட்டையான அடித்தகடு அந்த மாடலுக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் பூட்டில் சீவும் வேலை வேண்டாம். காலின் கோணம் வருடத்துக்கு வருடம் மாறும். அவர்களுக்குச் சரியான ஷெல் அளவும் ஃபுட்பெட்டும் கஃபும் போதும்.

## செய்த பிறகும் மாறுபவை

லைனர் முதல் சில நாள் ஓட்டத்தில் அமுங்கும். பூட் தளர்ந்து கால் கீழிறங்கும். புதுப் பூட்டில் எடுத்த அளவை லைனர் அமுங்கிய பிறகு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் இறுகுவதால், அறைக்குள் சுலபமாக மடங்கிய பூட் மலைமேல் மடங்காது. அறையில் சரியாகத் தோன்றிய முன்சாய்வு பனியில் வேறாக உணரப்படுவதற்கு அது ஒரு காரணம்.

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பதாகத் தெரிந்தால், எலும்பிலேயே வித்தியாசமா, இடுப்பு கோணியதால் வந்ததா என்று இயன்முறை மருத்துவரிடம் பார்த்த பிறகே உயரத் தகடு வைக்க வேண்டும். முழங்கால் வலியோடு வருபவருக்கும் இதே வழிதான்.

திருத்தம் சரியாக அமைந்தால் முதல் நாள் விநோதமாகத்தான் இருக்கும். பழைய பிசகைச் சமாளிக்கப் பழகிய தொடை, தேவையில்லாமல் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். ஸ்கை அளவுக்கு மீறிப் பிடிப்பதுபோல் தோன்றும். இரண்டு மூன்று நாள் மென்சரிவில் ஓடாமல், உடனே கோணத்தைத் திரும்ப மாற்றக் கூடாது.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பூட் அடிப்பாக நீளம், பூட் போர்டின் ராம்ப், கஃபின் முன்சாய்வு, குதிகாலுக்கு அடியில் வைத்த உயரம், பைண்டிங்கின் முன்–பின் உயர வித்தியாசம், இடது வலது கால்களுக்குத் தனித்தனியாகக் கேன்டிங் எத்தனை டிகிரி, எந்த ஓரம் தடிப்பு. அடுத்த பூட்டோ பைண்டிங்கோ வாங்கும்போது ஃபிட்டர் (பூட்டைக் காலுக்குப் பொருத்தித் தருபவர்) முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.